காகம் உட்காராத பனை

செபராங் ஜெயா ஹோட்டல், இரண்டாம் மாடி.
மூன்று நாள் பயிற்சி.
கவுண்டர் முன் காத்திருப்போருக்கு
ஒரு மின்விசிறி போதுமென்று
கோப்பில் எழுதிய கையால்
சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறேன்.

பயிற்சி தருபவர் சுஹைலா. கோலாலம்பூர்க்காரர்.
"போன வருடம் போர்க்லிப்ட் கோர்ஸ் முடித்தவர்களில்
எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது?"
என் கைதான் முதலில் உயர்ந்தது.
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
அந்த எண்ணுக்கு நாங்கள் கேக் வெட்டியிருக்கிறோம்,
பச்சைப் பாண்டான் கேக்,
கிரீமில் எழுதிய ஆறின் மேல்
கத்தி வைக்கத் துணியாமல்
இயக்குநர் வரும்வரை நின்றிருக்கிறோம்.

"சரி. கோர்ஸ் கிடைக்காதவர்களில்?"

தேநீர்க் கரண்டிகள் நின்றன.
இடம் நூறு, மனு இருநூறு.
குலுக்கிப் போட்டோம்.
பெயர் வராதவர்களுக்கு ஒரு குறுஞ்செய்தி:
வருந்துகிறோம்.
அதோடு அவர்கள்
எங்கள் எக்செலை விட்டு இறங்கிப் போனார்கள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை
மலாயில் சொல்லிப் பார்த்தேன்.
சுஹைலா அதைச் செம்பனை என்று எடுத்துக்கொண்டு
"அந்தக் குலைக்கு ஒரு காகம் போதாதே" என்றார்.
நானும்தான் பழமொழியில் அல்லாமல்
பனையைப் பார்த்ததில்லை.
ஆனால் பிடித்துக்கொண்டார்:
"இன்னொரு மரம் வேண்டும்.
காகம் உட்காராத மரம்.
அதன் கீழும் ஒருவர் நிற்க வேண்டும்."

இரண்டாம் நாள் அந்த மரத்தடியில் நின்றோம்.
எடுக்காதவர்களுக்கு மாலையில் மறுபடி,
இரவு சாப்பாட்டுக்குப் பின் மறுபடி.
வரிசை 173. அமிர்தவல்லி த/பெ கண்ணுசாமி.
பின்னால் ஏதோ வண்டி பின்வாங்கும் பீப் பீப்.
"பிறையில ஒரு கிடங்கு. போர்க்லிப்ட்தான் ஓட்டுறேன்.
உங்க கோர்ஸ் கெடைக்கல, நேரா போயிக் கேட்டேன்,
அவங்களே கத்துக் குடுத்தாங்க."
டிக் செய்தேன்.
"ஒரு வருஷம் கழிச்சு ஏன்க்கா கூப்புடுறீங்க?"
படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை.
"நாங்க இல்லாம நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாக்க."
கொஞ்சம் மௌனம். பீப் பீப்.
"நல்லாத்தான் இருக்கேன்."

மூன்றாம் நாள் பலகையில் எழுதினார்:
ஐம்பத்தெட்டு.
எல்லாரும் மனத்துக்குள் கழித்தோம்.
"நாலா?" என்றார் பக்கத்தில் லிம் சூ பெங்,
"என் மைவி காருக்குக்கூட ஓர் இடம் காலி."
சிரித்தோம். சிரிப்பு பாதியில் நின்றது.
நூறு பேர் சிறிய கூட்டம், சுஹைலா சொன்னார்,
இந்த நாலு உண்மையில் பதினைந்தாகவும் இருக்கலாம்,
சுழியாகவும், அதற்குக் கீழேயும்.
நான் கை தூக்கினேன்:
நாலு என்றே வைத்துக்கொள்வோம்,
யார் அந்த நாலு பேர்?
"அதை மட்டும்
இந்தக் கணக்கு சொல்லாது."

படகில் தீவுக்குத் திரும்பினேன்.
தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கோடு வந்து
உங்களாலதான் மேடம் என்றாரே வேலாயுதம்,
அவர் நாலில் ஒருவரா,
ஐம்பத்தெட்டில் ஒருவரா?
முறுக்கை எப்போதோ தின்றாகிவிட்டது.

திங்கள் காலை.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு பையன்:
"இந்தக் கோர்ஸ் படிச்சா வேலை கெடைக்குமா?"
முன்பெல்லாம் கேள்வி முடியுமுன்
கெடைக்கும் என்றிருப்பேன்.
நூத்துக்கு நாலு, நாக்குவரை வந்தது,
விழுங்கினேன்.
"மனு போடுங்க. போன் நம்பரை மட்டும் மாத்தாதீங்க.
பேர் வந்தாலும் வராட்டியும்
நான் கூப்பிடுவேன்."

ஒரு மாதிரியாகப் பார்த்தான்.
பிறகு இரண்டு எண்கள் எழுதினான்.
ஒன்று அவன் அம்மாவுடையதாம்,
அதுதான் என்றைக்கும் மாறாதாம்.